பாக்கிப் பூ

எங்கள் கொர்பீனி ஊர்ப் பெண்கள் சாவுச் சட்டையைத் தைக்க ஆரம்பிப்பதில் காட்டும் அவசரத்தை முடிப்பதில் காட்டுவதில்லை. நாற்பது வயதைத் தொட்டதும் நல்ல சணல் துணியாக நெய்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாணச் சட்டையை மாமியார் பார்ப்பாள். கோயிலுக்குப் போட்டுப் போவதை அடுத்த வீட்டுக்காரி பார்ப்பாள். இதைப் பார்க்கப்போகிறவர் கடவுள். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதால் நூலில் கஞ்சத்தனம் கிடையாது. தோள்பட்டை முழுக்க இடைவெளி விடாத பூத்தையல், அங்கிருந்து மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையிலும் சரிந்து இறங்கும் பூ வரிசை, திராட்சை ரச நிறத்தில் பட்டு நூல், நடுநடுவே பொன்னிழை.

எல்லாம் ஆன பிறகு இடது மணிக்கட்டில் கடைசிப் பூவை மட்டும் பாதியில் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பாக்கிப் பூ என்று பேர். அது பாக்கி இருக்கிற வரைக்கும், சாவு வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, இவளுக்கு இன்னும் உடுப்புத் தயாராகவில்லை என்று திரும்பிவிடும். ஆள் போன பிறகு, உடம்பைக் குளிப்பாட்டுகிறவள் தலைமாட்டில் உட்கார்ந்து மீதிப் பாதியைத் தைத்து, சட்டையை மாட்டிவிடுவாள். ஆக, எங்கள் ஊரில் பாக்கிப் பூ முடிந்த வீடு எதுவும் பிணம் இல்லாமல் இருந்தது கிடையாது. பூ முடிந்ததால் ஆள் போனதா, ஆள் போனதால் பூ முடிந்ததா என்று ஆராய்கிறவர்கள் கும்புலுங் டவுனில் இருக்கலாம். இங்கே யாரும் சோதித்துப் பார்க்க முன்வந்ததில்லை.

எங்கள் ஊர் ஆட்டுக்கார நிக்கொதீமுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தன் அம்மா செத்தபோது அவள் பூவைத் தைத்து முடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான். ஆனால் பெரிய மனிதர் யாராவது எதிரே வந்து நின்றால் தலைக்குள் இருப்பதெல்லாம் கொட்டிப்போகும் பிறவி. பட்டாளத்தில் இருந்த காலத்தில், ஒரு ஜெனரல் புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போனபோது அவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து 'நானும் ஜெனரலும்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். ஆட்டுக்கொட்டகையைக் கூட்டும்போதும் யாரோ தூரத்தில் நின்று தன்னைக் கவனிப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தியே கூட்டுவான்.

அந்த வசந்தத்தில் அவன் மனைவி சஃப்தா, தங்கைக்குப் பிரசவம் பார்க்க மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். அப்போது பார்த்து மாவட்ட அதிகாரியின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. அதிகாரியோடு அரண்மனையைச் சேர்ந்த ஒரு சீமாட்டி. அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் பாண்டு வாத்தியம் ஆரம்பிக்கப்போவதுபோலத் தொண்டையைச் செருமுகிறவர். செருமிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ராணியைப் படம் எழுதப்போகிறார்கள். தம் மக்களின் உடுப்பில்தான் நிற்பேன் என்று ராணி சொல்லிவிட்டார். அந்தப் படத்தை அச்சடித்து நாட்டில் உள்ள பள்ளிக்கூடங்கள், ஆபீசுகள் எல்லாவற்றிலும் மாட்டப்போகிறார்கள். இந்த வட்டாரத்திலேயே சிறந்த பூத்தையல் இந்த வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

ராணி பிறந்தது வேறு தேசம். அதனாலேயே எங்களைப்போல உடுத்திக்கொள்ள அவருக்கு ஆசை அதிகம். இங்கேயே பிறந்து வளர்ந்த அதிகாரிகளின் மனைவிமார் பாரிஸிலிருந்து உடுப்பு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிக்கொதீம் சஃப்தாவின் பெட்டியைத் திறந்தான். மேலே கிடந்த இரண்டு சட்டைகளைச் சீமாட்டி புரட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள். அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி, துளசி காய்ந்த வாசனையோடு இருந்ததை எடுத்து விரித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தோள் பூவைத் தடவிப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அதிகாரி பிரெஞ்சில் தலையாட்டினார். விலை பேச்சு வந்தபோது நிக்கொதீம் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக மறுத்து, ராணியம்மாவுக்கு இந்த வீட்டின் காணிக்கை என்று சொல்லிவிட்டான். அதிகாரி கை கொடுத்தார். ஒரு சுருட்டும் கொடுத்தார். அந்தச் சுருட்டு அன்றிலிருந்து சாமி படங்கள் இருக்கும் பலகையில், மாதாவுக்கும் புனித நிக்கொலாவுக்கும் நடுவில் இருக்கிறது.

சஃப்தா வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்க அவளுக்கு முன்னாலேயே செய்தி தெரிந்திருந்தது. அவள் கத்தவில்லை. கால்கூடக் கழுவாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

"எதக் குடுத்த?"

"நல்லதா ஒண்ணு. ராணியம்மாவுக்கு, சஃப்தா. நம்ம வீட்டுச் சட்டை அரமனைக்குப் போவுது."

"நான் செத்தா போட்டுக்கறதக் குடுத்தியா?"

"நீ இப்பவா சாகப்போற? நல்லா எருமையாட்டம் இருக்க. வேற ஒண்ணு தெச்சுக்க."

"ஒருத்திக்கு எத்தன சட்டைய்யா தெப்பாங்க? எனக்கென்ன ரெண்டு சாவா?"

 இதற்கு ஜெனரலிடமும் பதில் இருந்திருக்காது. அன்றைக்கு அவன் தட்டில் மக்காச்சோளக் களியை வைத்த விதத்திலேயே, பாலாடைக்கட்டி கேட்கக்கூடாது என்று அவனுக்குப் புரிந்தது.

ஆனால் கோடை போகப் போக சஃப்தா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். சட்டை எங்கே இருந்தால் என்ன, பூ பாக்கிதானே இருக்கிறது. அரண்மனைப் பெட்டியில் பாதியாகக் கிடக்கட்டும். அந்த மட்டும் தனக்கு ஆபத்தில்லை. புல் அறுத்தாள், ஆடுகளை மலைக்கு ஏற்றினாள், நன்றாகவே தூங்கினாள்.

அக்டோபரில் பிளம் பழம் விழுந்தது. அந்த வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய்ப்பு. எங்கள் பக்கத்தில் அதைக் கொட்டை நீக்கி, முற்றத்தில் பெரிய செப்புக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சி, ரொட்டியில் தடவ இனிப்புக் குழம்பாக்குவார்கள். சர்க்கரை சேர்ப்பதில்லை. பழமே தன் இனிப்பில் சுண்டிக் கறுத்து, துடுப்பை நிறுத்தினால் நிற்கிற பதம் வரவேண்டும். அதற்கு இரண்டு பகல், இரண்டு இரவு பிடிக்கும், நடுவில் கிண்டுவதை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் அடி பிடித்து மொத்தக் கொப்பரையும் கசந்துபோகும். கை மாற்றிக் கிண்ட அடுத்த வீட்டு வேத்தா வந்திருந்தாள். வேத்தா விதவை. ஊரில் யார் செத்தாலும் உடம்பைக் குளிப்பாட்டி, பாக்கிப் பூவை முடிக்கிற கை அவளுடையது. பிள்ளைகள் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்கள். அதனால் அவளுக்கு யாரோடும் பேச அதிக வாய்ப்புக் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது மிச்சம் வைப்பதில்லை.

மூடுபனி கொப்பரை விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில்தான், அதிகாரியின் குமாஸ்தா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். கையில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பட்டுக் காகிதம், காகிதத்துக்குள் சஃப்தாவின் சட்டை.

குமாஸ்தா சொன்னதன் சாரம் இது. ராணி கோடை முழுக்கக் கடற்கரையில் இருந்தார். இப்போதுதான் படம் எழுத ஆரம்பிக்கிறார்கள். முகம் முடிந்துவிட்டது. சட்டையைப் பிரித்துப் பார்த்தால் இடது கையில் ஒரு பூ அரைகுறை. அரண்மனையில் தையற்காரிகள் இருக்கிறார்கள்தான். ஆனால் தைத்த கையே முடித்தால்தான் தையல் ஒத்துப்போகும் என்று ஓவியர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதிகாரியே நேரில் வந்து எடுத்துப் போவார். அதற்குள் முடிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு இருவரும் ஆளுக்கு ஒரு குவளை பிளம் சாராயம் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சஃப்தா சட்டையை மறுபடி பட்டுக் காகிதத்தில் சுற்றினாள். துடுப்பு வேத்தாவின் கையில் சுற்றிக்கொண்டிருந்தது.

நிக்கொதீம் குமாஸ்தாவின் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

"சொல்லேன்," என்றாள் வேத்தா. "ஐயா, நாங்க ராணிக்குக் குடுத்தது பொணத்துக்குப் போடற சட்டைன்னு சொல்லு. குடுத்த சுருட்டப் புடுங்கிக்கிட்டு உன்ன உள்ள தள்ளுவான்."

"நான் அதப் பத்த வெக்கவே இல்லியே," என்றான் நிக்கொதீம், கோர்ட்டில் அது எடுபடும் என்பதுபோல.

"வேத்தாக்கா, நீ முடிச்சுக் குடுத்துரு," என்றாள் சஃப்தா. "உனக்குப் பழக்கம்தானே."

"பழக்கம்தான் வினையே. என் கை ஊசிய எடுத்தா பக்கத்துல ஒருத்தர் படுத்திருக்கணும். அப்படித்தான் அது பழகியிருக்கு. உசுரோட இருக்கறவ சட்டைய நான் தொடமாட்டேன்டி. கோவிச்சுக்காத."

"அப்ப நானே தெச்சா?"

"தனக்குத் தானே பூ முடிச்சவ கதை நான் கேட்டதில்ல. கேக்கவும் ஆசையில்ல."

சஃப்தா துடுப்பை வாங்கிக்கொண்டு கிண்டினாள். குமிழி வெடித்து அவள் மணிக்கட்டில் தெறித்தது. துடைக்கவில்லை. கொஞ்சம் கழித்து வேத்தாவே பேச்சை வேறு பக்கமாகத் திருப்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் வாத்து மட்டும்தான் நின்றது.

"இன்னொண்ணு யோசிச்சுப் பாரு. தெச்சது உனக்குத்தான். ஆனா போட்டுக்கப்போறது அவங்க. சட்டைக்குள்ள யாரு இருக்காங்களோ அவங்களத்தான் அது பாக்கும். சாவு என்ன பேரு கேட்டுக்கிட்டா வருது?"

"ராணிக்கு வரட்டும், நீ தெச்சுக் குடுங்கறியா?"

"நான் எதுவும் சொல்லல. யோசின்னேன்."

"அவங்களுக்கும் புள்ளைங்க இருக்குக்கா. சின்னதுக்கு இன்னும் பல்லு விழல. போன வருசப் படத்துல பாத்தேன்."

வேத்தா குனிந்து தீக்குள் விறகைத் தள்ளினாள். அவளுக்குப் பேச்சு தீர்ந்துபோய் ஊரில் யாரும் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வேத்தாவைக் கொப்பரையடியில் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பாதிரியார் இலாரியனிடம் போனார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். உயிர் இறைவன் கையில் இருக்கிறது, நூலில் இல்லை. பாதிப் பூவுக்குப் பயப்படுவது அஞ்ஞானிகள் வேலை. திருச்சபை இதையெல்லாம் ஏற்பதில்லை. சஃப்தா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று, பாதிரியார் வீட்டு அம்மா கையால் அந்தப் பூவை முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று சட்டையை நீட்டினாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பாதிரியார் மனைவியின் காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் விரைவதை மூவரும் கேட்டார்கள். பாதிரியாருக்கு உடனே ஒரு ஞாபகம் வந்தது. மேலத்தெருவில் ஒரு பசு சாகக் கிடக்கிறது, மந்திரிக்கப் போகவேண்டும். போகிறபோது, ஞாயிற்றுக்கிழமை பூசையைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்வதாக மட்டும் உறுதி சொன்னார்.

அன்று மாலை நிக்கொதீம் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்ததை சஃப்தா பார்த்தாள். கையில் ஊசி. நூல் நுனியை எச்சிலில் நனைத்து நனைத்து அது பஞ்சாகியிருந்தது.

"என்னய்யா பண்ற?"

"நான் முடிச்சுர்றேன். ஆம்பள தெச்சா அது கணக்குல வராது. வந்தாலும் எனக்கு வரட்டும். குடுத்தவன் நான்தானே."

அவன் விரல்கள் கோடாலிப் பிடியில் விளைந்தவை. ஊசி அதற்குள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சஃப்தா சட்டையை அவன் மடியிலிருந்து எடுத்தாள். ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அவனுடைய களித்தட்டில், ஆறு மாதத்துக்குப் பிறகு, பாலாடைக்கட்டியை வைத்தாள்.

அதன் பிறகு கொப்பரையடியில் மாறி மாறி உட்கார்ந்ததில் இருவருக்கும் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குழம்பு பதத்துக்கு நெருங்கிக் கனத்துப் போயிருந்தது. நிக்கொதீமிடம் துடுப்பைக் கொடுத்துவிட்டு சஃப்தா ஜன்னல் வெளிச்சத்தில் சட்டையை விரித்தாள். வலது கையையும் இடது கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலதில் கடைசிப் பூ முழுசு. இடதில் பாதி.  பிறகு ஊசியை எடுக்கவில்லை, சின்னக் கத்தரியை எடுத்தாள்.

வலது கைப் பூவில், இடதில் எந்தப் பாதி தைத்திருக்கிறதோ அதே பாதியை இழை இழையாகப் பிரித்தாள். தைத்ததைப் பிரிப்பது சாவை அழைப்பதாகாது. அழைத்ததை வேண்டாம் என்பதுதான். பிரித்த தடத்தைச் சீப்பால் நீவி, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டாள். இப்போது இரண்டு மணிக்கட்டிலும் பாதிப் பூ. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கிற பாதிகள். பாக்கி ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. மறதியாக விட்டதுபோல இல்லை, வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு போல இருந்தது. ஒன்று எனக்கு, ஒன்று அந்தம்மாவுக்கு என்று அவள் வேத்தாவிடம் பிற்பாடு சொன்னாளாம்.

அதிகாரி பூசை முடிந்ததும் வந்தார். பின்னாலேயே போலீஸ்காரர், பாதிரியார், வாத்தியார், சாராயக்கடைக்காரர், வேலை இல்லாத அத்தனை பேரும். அதிகாரி சட்டையைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினார். வாக்கியம் வரவில்லை. மறுபடி செருமினார்.

"என்னம்மா இது? ஒண்ண முடிக்கச் சொன்னா இன்னொண்ணும் பாதியா நிக்குது?"

சஃப்தா கொப்பரையில் துடுப்பைச் சுற்றிக்கொண்டே, எங்கள் பக்கத்து வேலை அப்படித்தான், முதலில் ஒரு பக்கம் பிசகியிருந்தது, இப்போது சரிசெய்துவிட்டேன் என்றாள்.   அதிகாரி முகத்தில் திருப்தி இல்லை. போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். பேச்சு அதோடு நின்றிருந்தால், இவர்கள் ஊர்க்காரர்கள், இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று போயிருப்பார்கள். நிக்கொதீமால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பெரிய மனிதர் முகம் சுளித்தபடி எதிரே நிற்கிறார். அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஐயா, ராணியம்மா ரெண்டு கையையும் முன்னால சேத்து வெச்சுப் பாக்கணும். பாதியும் பாதியும் ஒண்ணாச் சேரும். பூ முழுசாயிடும்."

சொல்லிக்கொண்டே தன் இரண்டு மணிக்கட்டையும் ஒட்டிக் காட்டினான்.

அதிகாரி அவனைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், இரண்டு கையையும் சேர்த்து மடித்துப் பார்த்தார். பூ சேர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. இது பூத்தையல் அல்ல, தத்துவம் என்றார். ஒரு பாதி சிம்மாசனம், மறு பாதி மக்கள் என்றார். இதை இன்றே ஓவியருக்கு எழுதிவிடுவேன், ராணி கட்டாயம் கைகளைச் சேர்த்துத்தான் நிற்பார் என்றார். பாதிரியார் 'ஆமென்' என்றார். வாத்தியார் கை தட்டினார். சுற்றி நின்ற பெண்கள் மட்டும் கை தட்டவில்லை. வேத்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சஃப்தாவின் துடுப்பு நின்றுபோயிருந்தது. அது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை, தீய்ந்த வாடை எழும்பும் வரைக்கும். வண்டி போன பிறகு அவள் கொப்பரையின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். அந்த வருஷம் அந்த வீட்டுப் பிளம் குழம்பு ஊரில் யாருக்கும் கொடுக்கிற மாதிரி இல்லை.

ராணி கை சேர்த்தால் பாக்கிப் பூ முடிந்துபோகும் என்பது நிக்கொதீமுக்கு உறைக்க வெகுநேரம் பிடித்தது. அன்று ஜெனரல் பேச்சை எடுக்கவில்லை. மலையிலிருந்து ஆடுகளை இறக்கும்போதும் தலை குனிந்தே நடந்தான். ஆடுகளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க சஃப்தா கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதை விட்டுவிட்டாள். கோயிலில் நின்றாலும் ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால். கணப்பின் முன் குளிர்காய்ந்தாலும் ஒவ்வொரு கையாகத்தான் நீட்டுவாள். தானே அங்கே அரண்மனையில் நின்றுகொண்டிருப்பதுபோலவும், தன் கை சேர்ந்தால் அங்கே பூ சேர்ந்துவிடும் என்பதுபோலவும். வாத்தியார் வீட்டுக்கு வாரம் ஒருமுறை பேப்பர் வரும். அவள் முட்டையோ வெங்காயமோ எடுத்துக்கொண்டு போய், அரண்மனைச் செய்தி ஏதாவது உண்டா என்று கேட்பாள். வாத்தியார் முதலில் இதை ராஜ விசுவாசம் என்று நினைத்து வகுப்பிலேகூடச் சொன்னாராம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ராணிக்கு ஜலதோஷம், நாட்டிய விருந்து தள்ளிப்போடப்பட்டது என்று படித்தார். அதே வாரம் சஃப்தாவுக்கும் இருமல் வந்தது. எங்கள் ஊரில் டிசம்பரில் இருமாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அவள் படுக்கையை, சாகப்போகிறவர்களைக் கிடத்துகிற ஜன்னல் ஓரத்துக்கு மாற்றச் சொன்னாள். வேத்தா கஷாயம் கொண்டுவந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் சஃப்தா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

"அடியே, கஷாயம்தான் கொண்டாந்தேன். ஊசி கொண்டாரல."

"வெச்சுட்டுப் போக்கா. பக்கத்துல உக்காராத."

ஜனவரியில் ராணி விருந்தில் ஆடியதாகச் செய்தி வந்தது. சஃப்தா எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டாள்.

பனி உருகி, பிளம் மரம் வெள்ளையாகப் பூத்த வாரத்தில் படம் வந்துசேர்ந்தது. பெரிய காகிதத்தில் வண்ண அச்சு, அட்டையில் ஒட்டியது. கூட வந்த கண்ணாடி வழியிலேயே உடைந்துபோயிருந்தது. புதுக் கண்ணாடி சீக்கிரமே அனுப்பிவைக்கப்படும் என்று அதிகாரி வாக்குக் கொடுத்தார். அதை நம்பி, பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்பறையில், கரும்பலகைக்கு மேலே மாட்டினார்கள். ஊர் கூடியது. திரையை அதிகாரி இழுத்தார்.

முகம் ராணிகளுக்கெல்லாம் இருக்கிற முகம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டையை அந்த ஓவியர் ஒரு இழை விடாமல் எழுதியிருந்தார். தோளின் பூத்தையல், சரிந்து இறங்கும் வரிசை, துணியின் சுருக்கத்தில் பொன்னிழை மங்கி மின்னுவதுகூட. பாராட்டத்தான் வேண்டும். வரிசை வரிசையாக இறங்கி வந்த கண், கடைசியில் முன்னால் சேர்ந்திருந்த இரண்டு மணிக்கட்டில் போய் நின்றது. அங்கே, படத்தின் நட்டநடுவில், ஒரு முழுப் பூ.

அந்த அறையில் பெண்கள் பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தச் சட்டை யாருடையது, அந்தப் பூ என்ன பூ என்று எல்லோருக்கும் தெரியும். பாதி சஃப்தா, பாதி ராணி. ஒரே பூவில் இரண்டு பேர். அதிகாரி அந்த மௌனத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். நாட்டின் எத்தனையோ ஊர்களில் இந்தப் படத்தைத் திறந்துவைத்திருக்கிறேன், இவ்வளவு பக்தியை எங்கும் பார்த்ததில்லை என்றார். பிறகு சிம்மாசனம், மக்கள், இரண்டு பாதிகள் என்று வெகுநேரம் பேசினார்.

கூட்டம் கலைந்தபோது சஃப்தா கடைசி பெஞ்சிலேயே இருந்தாள். நிக்கொதீம் வாசலில் நின்று கூப்பிட்டான். படம்தானே, வெறும் சாயம்தானே, நிஜச் சட்டை பெட்டியில் பாதியாகத்தானே இருக்கும் என்று சொல்லிப்பார்த்தான்.

"சாவுக்குப் படமா நெசமான்னு பாக்கத் தெரியுமாய்யா?"

அவன் நெஞ்சை நிமிர்த்தாமல் வந்து பக்கத்தில் நின்றான். வாத்தியார் மேசையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சஃப்தா எழுந்து, கரும்பலகைக்கு முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் சட்டைக் கழுத்தின் உள்பக்கத்தில் எப்போதும் ஒரு ஊசியைக் குத்தி வைத்திருப்பார்கள். அவள் கை அங்கே போனது.

வாத்தியார் அதைப் பார்த்தார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். ராணியின் படத்தைக் கீறினால் என்ன தண்டனை என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மனைவியின் பெட்டியிலும் ஒரு சட்டை இருக்கிறது. மழை வருகிற மாதிரி இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு வெளியே போய், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானம் நீலமாக இருந்தது.

நிக்கொதீம் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டான். குதிரையைப் பிடித்ததைவிடக் கவனமாகவே பிடித்தான். சஃப்தா ஊசி முனையை வைத்து, மணிக்கட்டும் மணிக்கட்டும் சேர்கிற இடத்தில், மேலிருந்து கீழாக மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். சாயம் உதிர்ந்து காகிதத்தின் வெள்ளை தெரிந்தது. பூ மறுபடி இரண்டானது. இறங்கி, தூர நின்று பார்த்தாள். உதிர்ந்த சாயப்பொடியைக் கரும்பலகையின் அடியிலிருந்து இடுப்பு முன்துணியில் துடைத்து எடுத்துக்கொண்டாள்.

புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பள்ளி ஆய்வாளர் அந்தக் கீறலைக் காட்டி, இது யார் செய்த வேலை என்று கேட்பார். பிள்ளைகள் எலி என்பார்கள். எலி நேர்கோட்டில் கடிக்குமா என்று கேட்பார். எங்கள் ஊர் எலி அப்படித்தான் என்பார்கள்.

சஃப்தா உயிரோடுதான் இருக்கிறாள். ராணியும் நலம் என்றுதான் பேப்பரில் போடுகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் சுவர் ஈரம் வாங்கும். காகிதம் உப்பும். உப்பினால் அந்தக் கோட்டின் இரண்டு கரையும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நாட்டில் மற்றப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் அந்தப் பூ முழுசாகத்தான் நிற்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கெல்லாம் ஸ்டூல் போட்டு ஏற முடியாது. அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும், கொப்பரைக்கு அடியில் தீ மூட்டுவதற்கு முன்னால், அவள் கழுத்து ஊசியோடு பள்ளிக்கூடத்துக்கு ஒருநடை போய்வருகிறாள். வாத்தியார் அந்த நேரத்தில் வானம் பார்க்க வெளியே வந்துவிடுவார்.